மக்கோந்தோவின் பதிவேடு

ஐப்பசி பிறந்ததிலிருந்து கிளியூரில் மழை விட்டபாடில்லை. வராந்தாவில் உட்கார்ந்தால் அருவியின் இரைச்சல் கேட்கிறது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. அலமாரியில் இருக்கும் என் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களின் முதுகில் வெள்ளையாகப் பூசணம். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பேத்தி வந்து கேட்டாள்: "தாத்தா, மஞ்சள் பட்டாம்பூச்சிக்கு என்ன அர்த்தம்?"

சேலத்தில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு மலைக்கு வந்தவளை மழை பிடித்து வைத்துக்கொண்டது. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் பொருள். மஞ்சள் பட்டாம்பூச்சி: காதல். தங்க மீன்: வீண் உழைப்பு. பன்றி வால்: பாவம். மழை: தூய்மை. எறும்பு: அழிவு. பரீட்சைக்கு இவ்வளவு போதுமாம்.

முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். இப்படி இரண்டு பத்தியாகப் போட்ட பட்டியலைப் பார்த்தால் பேனாவை எடுத்து டிக் அடிக்கத்தான் கை போகும். ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் ஏனோ கோபம் வந்தது. அவள் மீது அல்ல. அந்தத் தாள் மீது.

நாவல் எதுவென்று பலர் கண்டுபிடித்திருப்பீர்கள். கொலம்பியா நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. ஸ்பானிய மொழியில் 1967இல் வந்தது. மார்க்வெஸுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் மொழிபெயர்த்து 2013இல் காலச்சுவடு வெளியிட்டது. பேத்தி பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் படிக்கிறாள். நான் முதலில் படித்தது பிரெஞ்சில். கிளோத் துய்ரான், கார்மென் துய்ரான் தம்பதியின் மொழிபெயர்ப்பு 1968லேயே வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் வேலை பார்த்தபோது, மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து முடித்தேன். அப்போது பாதி புரியவில்லை. இந்த மழையில் தமிழில் மறுபடி படித்தபோது, பிரெஞ்சில் புரியாமல் போனது எது என்று புரிந்தது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஹோசே அர்க்காதியோ புயேந்தியா என்பவனும் அவன் மனைவி உர்சுலாவும் சொந்த ஊரை விட்டுக் கிளம்பி, மலை தாண்டிப் போய், மக்கோந்தோ என்ற ஊரை உண்டாக்குகிறார்கள். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, சண்டை போட்டு, காதலித்து, கடைசியில் ஒரு காற்றில் ஊரோடு இல்லாமல் போகிறது. நடுவில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் போகிறாள். ஒருவன் வந்தால் கூடவே மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வரும். செத்தவர்கள் வீட்டில் நடமாடுவார்கள். இதற்கு மாய யதார்த்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேத்தியிடம் முதலில் இந்தப் பட்டாம்பூச்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னேன். மார்க்வெஸ் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு மின்சார மீட்டர் மாற்ற ஒரு ஆள் வந்தான். அவன் வந்த சமயம் ஒரு பட்டாம்பூச்சி உள்ளே புகுந்தது. பாட்டி துணியால் அதை விரட்டிக்கொண்டே, இந்த ஆள் வரும்போதெல்லாம் இதுவும் வந்துவிடுகிறது என்று முணுமுணுத்தாராம். அவ்வளவுதான். வானத்துக்குப் போன பெண்ணின் கதையும் அப்படித்தான். ஒரு வீட்டில் பேத்தி யாருடனோ ஓடிப்போய்விட்டாள். அவமானத்தை மறைக்க அந்த வீட்டுக் கிழவி, எங்கள் பெண் வானத்துக்குப் போய்விட்டாள் என்று ஊரில் சொல்லிவைத்தாள். மார்க்வெஸே பேட்டிகளில் சொன்னவை இவை.

"அப்ப இது பொய்யா தாத்தா?" என்றாள்.

பொய் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஆயாவிடம் (புதுச்சேரிப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம்) இப்படி நூறு கதை உண்டு. செத்துப்போன தாத்தா விடியற்காலையில் வந்து கிணற்றடியில் பல் விளக்கிவிட்டுப் போனதை, கீரைக்காரி வந்துவிட்டுப் போனாள் என்று சொல்லும் அதே குரலில் சொல்வார். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. மார்க்வெஸும் தன் பாட்டி கதை சொன்ன அந்த முகத்தைத்தான் எழுத்தில் பிடிக்க முயன்றதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பெயர். இந்த நாவலைப் படிப்பவர்கள் எல்லோரும் புலம்புவது இதைப் பற்றித்தான். அப்பா பெயர் அவுரேலியானோ, பிள்ளை பெயர் அவுரேலியானோ, பேரன் பெயரும் அதே. கர்னலாக இருந்த அவுரேலியானோவுக்கு மட்டும் பதினேழு பெண்களிடம் பதினேழு பிள்ளைகள். அத்தனை பேரும் அவுரேலியானோ. இன்னொரு பக்கம் ஹோசே அர்க்காதியோக்கள். பதிப்புகளில் முதல் பக்கத்தில் வம்சக் கொடி போட்டுக் கொடுத்தும் பேத்தி மூன்று இடத்தில் தடுமாறினாள்.

நான் அவளிடம் கேட்டேன்: "பேரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?" தெரியவில்லை. பெயரன்தான் பேரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்திதான் பேத்தி. நம் மொழியில் அந்த உறவுக்குப் பெயரே பெயர்தான். தாத்தா கோவிந்தசாமி என்றால் மூத்த பேரன் கோவிந்தசாமி. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அவனைக் கூப்பிட வீட்டில் வேறு ஒரு பெயர். இதற்கு வம்சக் கொடி வேண்டுமா?

புதுச்சேரியில் இது எங்கள் அலுவலகச் சங்கடமாகவும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் 'எத்தா சிவில்' பதிவேட்டில் எழுதும் முறை வந்துவிட்டது. 1881 ஆணைக்குப் பிறகு, குல வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அப்பா பெயர்தான். ஒரே தெருவில் கோவிந்தசாமி மகன் ராமசாமியும், அந்த ராமசாமி மகன் கோவிந்தசாமியும், அவன் சித்தப்பா பேரன் இன்னொரு கோவிந்தசாமியும் இருப்பார்கள். யார் நிலம் யாருக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் மாலை ஆகிவிடும். ஆகவே அவுரேலியானோக்கள் என்னை அசைக்கவில்லை.

ஆனால் உர்சுலா ஒன்றைக் கவனிக்கிறாள். அவுரேலியானோ என்று பெயர் வைத்தவன் எல்லாம் ஒதுங்கி, யோசித்து, தனக்குள் இருப்பவன். ஹோசே அர்க்காதியோ என்று பெயர் வைத்தவன் முரடன், துணிந்தவன், துன்பத்துக்கு ஆளானவன். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது மட்டும் குணம் மாறியிருக்கிறது. சின்ன வயதில் விளையாட்டாகப் பெயர் மாற்றிச் சொல்லிக் குழப்பியதில், எங்கேயோ நிரந்தரமாக மாறிப்போயிருக்கலாம் என்பது அவள் சந்தேகம். இருவரும் ஒரே நேரத்தில் செத்து, குடிகாரர்கள் பெட்டியை மாற்றிப் புதைத்துவிடுகிறார்கள். பெயர் மாறியவன் குழியில்தான் சரியாகிறான் போலும். அலுவலகத்தில் பெயர் திருத்தம் கேட்டு வந்தவர்களை நினைத்து இந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். பேத்தியின் பட்டியலில் இது இல்லவே இல்லை. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

புயேந்தியா ஏன் ஊரை விட்டான்? சேவல் சண்டையில் தோற்ற ப்ருதென்சியோ அகிலார் என்பவன் அவன் ஆண்மையைக் கேலி செய்தான். புயேந்தியா ஈட்டியை எறிந்து அவனைக் கொன்றுவிட்டான். செத்தவன் அன்றிலிருந்து இவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறான். பழிவாங்க வரவில்லை. முகத்தில் கோபமே இல்லை, சோகம்தான். தொண்டையில் இருக்கும் காயத்தைக் கழுவத் தண்ணீர் தேடுகிறான். அவன் எதைத் தேடுகிறான் என்று புரிந்ததும் உர்சுலா என்ன செய்கிறாள் தெரியுமா? வீடு முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரங்களை வைக்கிறாள்.

பிரெஞ்சில் படித்தபோது இது ஒரு விசித்திரமாகத் தெரிந்தது. இப்போது தமிழில் படித்தபோது, ஆடி மாதம் ஆயா முற்றத்தில் செம்பில் தண்ணீர் வைத்தது நினைவுக்கு வந்தது. அகாலமாகச் செத்தவர்களுக்குத் தாகம் அடங்காது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டு, படையல் வைத்து, அவனையே காவல் தெய்வம் ஆக்கிவிடுவது தமிழ்நாட்டு ஊர்களில் பழைய வழக்கம். மதுரை வீரன் கதை எல்லோரும் அறிந்தது. ப்ருதென்சியோ நம் ஊர்க்காரனாக இருந்திருந்தால், புயேந்தியா ஊர் எல்லையில் ஒரு கல் நட்டு வருஷத்துக்கு ஒரு சேவல் அறுத்திருப்பான். ஊரை விட்டுப் போயிருக்கவே வேண்டாம். நாவலும் இருந்திருக்காது.

(இந்தக் கொலையும் கற்பனை அல்ல. மார்க்வெஸின் தாத்தா கர்னல் நிக்கோலாஸ் மார்க்வெஸ் 1908இல் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அந்தத் தாத்தாதான் தங்க மீன் செய்தவர். படைவீரர் ஓய்வூதியத்துக்காகக் காத்திருந்து, கிடைக்காமலே இறந்தவரும் அவர்தான். தங்க மீனுக்குப் பொருள் வேண்டுமென்றால் வரவேண்டிய பென்ஷன் வராத எவரையும் கேட்கலாம்.)

ஊர் பெயர்ந்து மலைக்கு வந்த கதை இங்கேயும் உண்டு. சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பினார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார். மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள். எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பெரியவர் இதைச் சொல்லும்போது, மூத்தவர் நேற்று வந்து இறங்கியது போலச் சொல்வார். வருடம் கேட்டால் சிரிப்பார். மக்கோந்தோவுக்கு வாழைக் கம்பெனி வந்தது போல இந்த மலைக்குக் காபி வந்தது. அதற்கு மட்டும் கலெக்டர் காக்பர்ன், 1820கள் என்று பெயரும் காலமும் இருக்கிறது. காகிதம் வைத்திருந்தவர்களுக்கு வருடம் இருக்கிறது.

சரி, பன்றி வால். பேத்தியின் தாளில் 'பாவம்' என்று போட்டிருந்தது. என்ன பாவம் என்று கேட்டேன். "சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்றது" என்றாள். புயேந்தியாவும் உர்சுலாவும் உறவுக்காரர்கள். அந்தக் குடும்பத்தில் முன்பு ஒரு முறை அப்படிக் கல்யாணம் செய்து வாலோடு பிள்ளை பிறந்தது. அந்தப் பயம் நாவலின் முதலிலிருந்து கடைசி வரை ஓடுகிறது.

"உன் பாட்டி எனக்கு என்ன வேணும், சொல்லு பார்ப்போம்" என்றேன். மாமன் மகள் என்று அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பிரெஞ்சில் 'குசேன்' என்று ஒரே சொல். அத்தை மகனும் சித்தப்பா மகனும் பெரியம்மா மகளும் எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழ் வாசகன் முதல் கேள்வியாக எந்த உறவு என்று கேட்பான். மாமன் மகள் என்றால் முறைப்பெண், கல்யாணம் செய்யாவிட்டால்தான் வழக்கு. சித்தப்பா மகள் என்றால் தங்கை, நினைக்கவே கூடாது. நாவல் அதைச் சொல்வதில்லை. அதனால் உர்சுலாவின் பயம் நமக்கு முதலில் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

ஆனால் கடைசியில் என்ன நடக்கிறது? வம்சத்தில் வளர்ந்து ஆளான கடைசி ஆண்பிள்ளை அவுரேலியானோ பாபிலோனியா. அவன் அமரந்தா உர்சுலாவைக் காதலிக்கிறான். அவள் அவன் அம்மா மேமேயின் தங்கை. பிரெஞ்சில் அவளுக்கு 'தாந்த்' என்று சொல். அத்தையும் தாந்த், மாமியும் தாந்த், பெரியம்மாவும் தாந்த். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் யோசித்தால் அவள் சித்தி. சின்ன அம்மா. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இருவருக்கும் அது தெரியாது. தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் கட்டுரையே.

மேமே, பட்டாம்பூச்சிக்காரனான மௌரிசியோ பாபிலோனியாவைக் காதலித்தாள். அவள் அம்மா பெர்னாந்தா கௌரவம் பார்ப்பவள். கோழி திருட வந்தவன் என்று சொல்லி அவனைச் சுட வைத்தாள். மகளைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டாள். சில மாதம் கழித்து ஒரு கன்னிகாஸ்திரீ கூடையில் குழந்தையோடு வருகிறாள். பெர்னாந்தா, இந்தக் குழந்தை கூடையில் மிதந்து வந்தது என்று வீட்டில் கதை கட்டிவிடுகிறாள்.

ஆற்றில் மிதந்து வந்த குழந்தை என்றால் நமக்கு யார் நினைவு வரும்? கர்ணன். குந்தி சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, தம்பிகளுக்கு எதிரே அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது. இங்கே பெர்னாந்தா சொன்ன ஒரு பொய், அவனைச் சித்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவுரேலியானோவுக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் வருகிறது. தான் யார் பிள்ளை என்று தெரிந்துகொள்ளக் கோவிலுக்குப் போய், செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுகிறான். அவன் பெயர் அதில் இல்லை. பக்கத்தில் இருக்கும் வயதான பாதிரியார் அவன் பெயரைக் கேட்கிறார். அவுரேலியானோ புயேந்தியா என்கிறான். அப்படியானால் தேடி அலுத்துப்போகாதே, அந்தப் பெயரில் இங்கே முன்பு ஒரு தெரு இருந்தது, அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தெருப் பெயர் வைப்பார்கள் என்கிறார் அவர். ஊரை உண்டாக்கிய குடும்பம், கடைசியில் ஒரு தெருப் பெயராகிவிட்டது.

முப்பத்து நான்கு வருடம் பதிவேடு புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பிறப்புப் பதிவு ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வாலோடு பிறந்திருக்காது, எறும்பு தின்றிருக்காது. விமரிசகர்கள் விதி என்கிறார்கள். மெல்கியாதெஸ் என்ற நாடோடி எல்லாவற்றையும் நூறு வருடம் முன்பே தோல் சுவடியில் எழுதி வைத்துவிட்டான் என்பது உண்மைதான். அதுவும் சம்ஸ்கிருதத்தில்! ஆனால் அந்தச் சுவடியைப் படிக்கும்போதுதானே அவுரேலியானோவுக்குத் தன் பிறப்பு தெரிகிறது? பதிவேட்டில் இருந்திருக்க வேண்டிய ஒரு வரி, மந்திரவாதியின் சுவடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதே போல இன்னொரு பொய்ப் பதிவு நாவலில் இருக்கிறது. வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். வழக்கு போகிறது. எல்லோரும் தற்காலிகக் கூலிகள், ஆகவே கம்பெனியில் தொழிலாளர் என்று எவரும் இல்லை என்று தீர்ப்பாகிறது. பிறகு ரயில் நிலையத்தில் கூட்டத்தை வளைத்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். பிணங்களை ரயிலில் ஏற்றிக் கடலில் கொட்டுகிறார்கள். தப்பி வந்த ஹோசே அர்க்காதியோ செகுந்தோ, மூவாயிரம் பேர் செத்தார்கள் என்கிறான். இங்கே யாரும் சாகவில்லையே என்கிறாள் அவனுக்குக் காபி கொடுத்த பெண். அரசாங்க அறிவிப்பும் அதையேதான் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த நீண்ட மழை ஆரம்பிக்கிறது. மழைக்குப் 'தூய்மை' என்று பொருள் எழுதியவரை இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்ல வேண்டும்.

இது 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனகாவில் உண்மையிலேயே நடந்தது. அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனித் தொழிலாளர்கள். மூவாயிரம் என்ற கணக்கு, நாவலின் அளவுக்குத் தகுந்தபடி தான் வைத்தது என்று மார்க்வெஸ் பிறகு சொன்னார். உண்மையில் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. எண்ணி எழுத வேண்டியவர்கள் எழுதாவிட்டால் எழுத்தாளன்தானே எழுத வேண்டியிருக்கிறது?

புதுச்சேரிக்காரர்களுக்கு 1936 ஜூலை 30 நினைவு வந்திருக்கும். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பதினாலாம் லூயியின் அரண்மனைக்கு எத்தனை ஜன்னல் என்பது வரை படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த இதைப் பாடத்தில் படித்த நினைவில்லை. அதைச் சொன்னவர் மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரை ஊர் விடவில்லை. வ. சுப்பையாவும் தொழிற்சங்கங்களும் விட விடவில்லை. வருடா வருடம் ஜூலை 30 அன்று மாலை போடுகிறார்கள். மக்கோந்தோவில் மாலை போட ஆள் இல்லை.

இவ்வளவும் பேத்தியிடம் சொன்ன பிறகு, நான் சொல்ல நினைக்காத ஒன்றையும் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

இந்த நாவலை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துப் படித்தேன் என்றேன் அல்லவா, அதே நாட்களில் ஒரு அம்மா அலுவலகத்துக்கு வருவார். அறுபது வயது இருக்கும். கணவர் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சைகோனுக்குப் போனவர். சொல்தாவாக அல்ல, ஏதோ சில்லறை வேலைக்கு. முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. வீட்டு மனையைத் தன் பெயருக்கு மாற்ற அவருக்கு இறப்புச் சான்று வேண்டும். நான் பதிவேடுகளைப் பார்த்தேன். பிறப்பு இருந்தது, கல்யாணம் இருந்தது, இறப்பு இல்லை. மேலதிகாரியிடம் கேட்டேன். பதிவேட்டில் இருப்பதை மட்டும் எழுது என்றார். மனுவின் பின்னால் 'பதிவேட்டில் இல்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு போகவில்லை. என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டார்: "தம்பி, செத்ததும் இல்லேன்னா, வந்ததும் இல்லேன்னா, அப்ப நான் யாரு? சுமங்கலியா, அறுத்தவளா?"

நெற்றியில் குங்குமம் இருந்ததா என்று அப்போது பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மனுவை எடுத்தேன். பிறகும் இரண்டு மூன்று மாதம் வந்தார். அப்புறம் வரவில்லை.

நான் எழுதியதில் தவறு இல்லை. பதிவேட்டில் இல்லைதான். ஆனால் ஒருவரைப் பற்றி, அவர் உயிரோடிருந்தால் தகவல் தெரிய வேண்டியவர்களுக்கே ஏழு வருடம் தகவல் இல்லை என்றால், அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொன்னது. கோர்ட்டுக்குப் போய் அறிவிப்பு வாங்கலாம். அது எனக்குத் தெரியும். இலாகாத் தேர்வுக்குப் படித்திருந்தேன். அதைச் சொல்வது என் மேஜை வேலை இல்லை என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். ஒரு வாக்கியம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த வாரம் ரயில் நிலைய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, மக்கோந்தோ அதிகாரிகள் மீது எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே அருவி இரைந்துகொண்டிருந்தது. பிறகு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"அந்தப் பாட்டி பேர் என்ன தாத்தா?"

மறக்கவில்லை. சொன்னேன். கணவர் பெயரையும் கேட்டாள், அதையும் சொன்னேன். அவர் எந்தத் தெரு என்று கேட்டாள். மூன்றையும் எழுதிக்கொண்டாள். அவர்கள் குடும்பத்தார் எங்காவது இருக்கலாம் என்பதால் இங்கே அந்தப் பெயர்களை எழுதவில்லை. பேத்தியின் தாளில் இருக்கிறது.